மிடில்செக்ஸ் கவுண்டியில் சிறுதொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் எடிசன், இஸெலின், நியூ பிரன்ஸ்விக், மன்ரோ எல்லாம் மிடில்செக்ஸ் என்ற இந்த ஒரே கவுண்டிக்குள்தான் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வருகின்றன. இங்கே வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆனதும் நம்மவர்கள் பலருக்கும் சொந்தமாக ஏதாவது செய்யலாமா என்று தோன்றுகிறது. பார்ட்டியிலும் கோயில் வாசலிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுகிற கேள்விகளையும் அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் வக்கீலிடமும் அக்கவுண்டன்டிடமும் போங்கள். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

இங்கே வியாபாரம் நடக்குமா? சூழ்நிலை எப்படி இருக்கிறது?

வாங்குகிற ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 2020 கணக்கெடுப்பில் கவுண்டியின் மக்கள்தொகை 8,63,162. எடிசனில் மட்டும் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல், உட்பிரிட்ஜில் ஒரு லட்சத்து மூவாயிரத்துக்கு மேல். ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் ஜான்சன் அண்ட் ஜான்சன் தலைமையகமும் நியூ பிரன்ஸ்விக்கில். நியூயார்க்குக்கு ரயில், நடுவே டர்ன்பைக் நெடுஞ்சாலை, கூப்பிடு தூரத்தில் நெவார்க் துறைமுகம்.

சிக்கல் செலவுப் பக்கம்தான். வாடகை, சம்பளம், காப்பீடு மூன்றும் அதிகம். நியூ ஜெர்சியின் சொத்துவரி நாட்டிலேயே உச்சத்தில் இருக்கிறது. அதைக் கட்டுவது கட்டடச் சொந்தக்காரர்தானே என்று நினைக்கிற கடைக்காரர் தலையிலும் அது வந்து விழும். எப்படி என்பதைக் கீழே பாருங்கள்.

என் அபிப்பிராயம் இதுதான்: இந்தக் கவுண்டியில் கடைகள் பெரும்பாலும் சரக்கு விற்காமல் மூடப்படுவதில்லை. லீஸை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டதால் மூடப்படுகின்றன.

லீஸில் அப்படி என்ன இருக்கிறது?

ஸ்ட்ரிப் மாலில் (ரோட்டோரக் கடை வரிசையில்) கடை பார்க்கப் போனால் புரோக்கர் சதுர அடிக்கு இத்தனை டாலர் என்பார். அது வருடத்துக்கு. கூடவே மெதுவாக "பிளஸ் ட்ரிபிள் நெட்" என்பார். கட்டடத்தின் சொத்துவரி, காப்பீடு, பொதுப் பராமரிப்பு மூன்றிலும் உங்கள் பங்கை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று அதற்கு அர்த்தம். பனி அள்ளுவது, பார்க்கிங்கில் தார் போடுவது எல்லாம் பராமரிப்புக் கணக்கில் வரும்.

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். 1,500 சதுர அடி, அடிக்கு 35 டாலர், ட்ரிபிள் நெட் 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 67,500, மாதத்துக்கு 5,625 டாலர். பிரியாணி 15 டாலருக்கு விற்கிறீர்கள், அரிசி, கறி, டப்பா எல்லாம் சேர்த்து 5 டாலர் போனால் மிச்சம் 10. வாடகைக்கு மட்டும் மாதம் 563 பிரியாணி, அதாவது தினமும் 19. சமையல்காரர் சம்பளம், மின்சாரம், கேஸ் எதையும் இன்னும் தொடவில்லை. அந்தப் பிரியாணி டெலிவரி ஆப் வழியாகப் போய், ஆப் 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் ஒன்றுக்கு மிஞ்சுவது ஐந்தரை டாலர். அப்போது வாடகைக்கே ஆயிரத்துக்கு மேல் விற்க வேண்டும். இந்தக் கணக்கை உங்கள் நிஜ எண்களோடு ஒரு பேப்பரில் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பேரம் பேச வேண்டிய இடங்கள் சில உண்டு. பராமரிப்புச் செலவு வருடத்துக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று உச்சவரம்பு கேளுங்கள். டவுன்ஷிப் (உள்ளூர் நிர்வாகம்) அனுமதி வரும்வரை வாடகை ஓடக்கூடாது என்று கேளுங்கள். இது கிடைக்காமல், பூட்டிய கடைக்கு மாதக்கணக்கில் வாடகை கட்டியவர்கள் நிறைய. அதே வளாகத்தில் இதே மாதிரி இன்னொரு கடைக்கு இடம் கொடுக்கக்கூடாது என்ற ஷரத்தையும் கேளுங்கள். இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் இது ரொம்ப முக்கியம். நாளைக்கு நீங்கள் கடையை விற்க நினைத்தால் லீஸை வாங்குபவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா என்பதையும் பாருங்கள். முடியாதென்றால் உங்களிடம் விற்க அடுப்பும் பாத்திரமும் தவிர எதுவும் இல்லை.

சொந்த ஜாமீன் கேட்பார்கள். கம்பெனி பெயரில்தானே லீஸ் என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அந்த ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் உங்கள் வீடும் சேமிப்பும் அதற்குள் வந்துவிடும். முழுக்க மறுக்க முடியாவிட்டாலும் முதல் ஒன்றிரண்டு வருடத்தோடு முடிகிற மாதிரிக் குறைக்கப் பாருங்கள்.

ஓக் ட்ரீ ரோட்டிலேயே கடை போடலாமா?

கூட்டம் அங்கேதான். இஸெலினிலிருந்து எடிசன் வரை நகை, புடவை, மளிகை, சாப்பாடு என்று வரிசையாக இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை மாலை பார்க்கிங்குக்காகச் சுற்றிச் சுற்றி வரும் கார்களைப் பாருங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர் அதைப் பொறுத்துக்கொள்வார், பக்கத்து ஊர்க்காரர் பொறுக்க மாட்டார். அவருக்கு இப்போது நார்த் பிரன்ஸ்விக்கிலும் கெண்டால் பார்க்கிலும் ரூட் 27 ஓரமாகவே மளிகையும் தோசையும் கிடைக்கின்றன. கல்யாணப் புடவை, நகை என்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்கும் பொருளென்றால் ஓக் ட்ரீ ரோட் சரி. வாராவாரம் வாங்குகிற பொருளென்றால் வாடிக்கையாளர் குடியிருக்கிற இடத்துக்கே போய்விடுவது நல்லது.

அப்படியென்றால் இங்கே எந்தத் தொழிலுக்கு வாய்ப்பு இருக்கிறது?

நம்மவர்கள் தொழில் என்றதும் ஹோட்டல் அல்லது மளிகை என்று யோசிக்கிறோம். போர்டு வைக்காத தொழில்களில்தான் போட்டி குறைவு.

எடிசனில் ராரிட்டன் சென்டர், மன்ரோவில் டர்ன்பைக் 8ஏ எக்ஸிட்டைச் சுற்றியுள்ள கிடங்குகள், கார்டரெட், பெர்த் அம்பாய் என்று கவுண்டி முழுக்கச் சரக்குக் கிடங்குகள். ஒவ்வொரு கிடங்குக்கும் ஃபோர்க்லிஃப்ட் ரிப்பேர், பழைய பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) வாங்கி விற்பது, துப்புரவு, லேபிள் அச்சடிப்பது, இரவு ஷிஃப்ட்டுக்குச் சாப்பாடு என்று ஆயிரம் தேவை. இவற்றுக்கு மெயின் ரோட்டில் கடை வேண்டாம், ஒரு வேனும் சொன்ன நேரத்துக்கு வருகிற பழக்கமும் போதும். கிடங்குகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மட்டும் யோசித்துச் செய்யுங்கள். தற்காலிகத் தொழிலாளர் உரிமைச் சட்டம் 2023-இல் வந்தபின் அதில் சம்பள விதிகளும் ஆவணங்களும் கடுமையாகிவிட்டன.

அடுத்தது முதியவர்கள். மன்ரோவில் ராஸ்மூர், கன்கார்டியா, கிளியர்புரூக் என்று 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பெரிய குடியிருப்புகளே இருக்கின்றன. போதாததற்கு நம்மவர்கள் ஊரிலிருந்து அழைத்து வந்த அப்பா அம்மாவும் இப்போது எழுபது, எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். டாக்டரிடம் கூட்டிப்போவது, நம் ருசியில் உப்புக் குறைத்த சாப்பாடு, குளியலறையில் கைப்பிடி பொருத்துவது எல்லாமே தொழில்தான். வீட்டுக்கு ஆள் அனுப்பி உடம்பைக் கவனித்துக்கொள்வதென்றால் மாநிலத்தின் நுகர்வோர் விவகாரப் பிரிவில் பதிவு வேண்டும்.

மூன்றாவது நியூ பிரன்ஸ்விக். ரயில் நிலையத்துக்கு எதிரே ஹீலிக்ஸ் என்ற ஆராய்ச்சி வளாகம் எழும்புகிறது. மருத்துவக் கல்லூரி அதில் இடம்பெறுகிறது. முர்ரே ஹில்லில் இருக்கும் நோக்கியா பெல் லேப்ஸும் அங்கே மாறப்போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். பெரிய கம்பெனி வந்தால் சின்னக் கம்பெனிக்குத் தானாக வேலை வந்துவிடாது. ஆனாலும் மதியச் சாப்பாட்டு ஆர்டர், ஆய்வகத் துப்புரவு, குழந்தைக் காப்பகம் மாதிரியானவற்றுக்கு இப்போதே அங்கே கண் வைக்கலாம்.

ஐடி கன்சல்டிங்கைப் பற்றியும் கேட்பார்கள். எடிசன் பக்கம் சின்னச் சின்னக் கன்சல்டிங் கம்பெனிகள் ஏராளம். 2025 செப்டம்பரில் புது ஹெச்-1பி (வேலை விசா) மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தபின், ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவந்து வேறு கம்பெனிகளில் வேலைக்கு அமர்த்துகிற பழைய வழி சிறியவர்களுக்குக் கட்டுப்படியாகாது. இங்கேயே இருப்பவர்களை வைத்து, ஏதாவது ஒரு துறையில் ஆழமாகப் போகிறவர்கள் தாக்குப்பிடிப்பார்கள்.

வீட்டிலிருந்தே முறுக்கு, கேக் விற்கலாமா?

விற்கலாம். நியூ ஜெர்சியில் 2021 அக்டோபர் வரை இதற்கு வழியே இல்லை. வீட்டில் சுட்டதை விற்க அனுமதித்த கடைசி மாநிலம் இதுதான். இப்போது மாநிலச் சுகாதாரத் துறையில் இரண்டு வருடத்துக்கு 100 டாலர் கட்டி அனுமதி வாங்கலாம். உணவுப் பாதுகாப்பு மேலாளர் சான்றிதழ் தேர்வு ஒன்றை எழுத வேண்டும். வருட விற்பனை 50,000 டாலருக்கு மேல் போகக்கூடாது. நேரடியாகச் சாப்பிடுகிறவருக்குத்தான் விற்கலாம். மளிகைக் கடைக்கு மொத்தமாகப் போடவோ, வெளிமாநிலத்துக்கு அனுப்பவோ கூடாது.

ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய எதுவும் இதில் வராது. அதனால் இட்லி மாவு, சாம்பார், கோழிக் குழம்பு, டிபன் பாக்ஸ் எதற்கும் இந்த அனுமதி செல்லாது. வாட்ஸ்அப் குழுவில் ஆர்டர் எடுத்து விற்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், உண்மைதான். ஒருவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் புகார் போகும்வரை எல்லாம் நன்றாகவே நடக்கும். மாவும் சாப்பாடும் விற்பதானால் உரிமம் பெற்ற கமர்ஷியல் கிச்சனை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள். கேக், பிஸ்கட், பொடி வகைகளுக்கு வீட்டு அனுமதி சுலபம். முறுக்கு மாதிரி, மாநிலத்தின் அனுமதிப் பட்டியலில் பெயர் இல்லாதவற்றை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுக் கேளுங்கள்.

நான் ஹெச்-1பி. கடை வைக்கலாமா?

பங்கு வைத்திருக்கலாம், அங்கே வேலை செய்யக்கூடாது. சனி ஞாயிறு கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டால் அது வேலை. சம்பளம் வாங்கவில்லை என்று சொல்வது உங்களைக் காப்பாற்றாது. "நம்ம கடைதானே" என்று நின்ற ஒரு மாலை நேரம் கிரீன் கார்டு சமயத்தில் கேள்வியாக வரலாம்.

மனைவியோ கணவரோ ஹெச்-4 இஏடி (துணைவர் விசாவில் இருப்பவருக்கான வேலை அனுமதி அட்டை) வைத்திருந்தால் கதை வேறு. 2015 மே மாதத்திலிருந்து, ஹெச்-1பி-க்காரரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) ஒப்புதலாகியிருந்தாலோ, ஆறு வருடம் தாண்டி நீட்டிப்பில் இருந்தாலோ அவர்களுக்கு இது கிடைக்கிறது. அதில் சொந்தத் தொழில் செய்யலாம், ஆளும் வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்க விண்ணப்பிக்கிறவர்களுக்குத் தானாகக் கிடைத்த நீட்டிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய அட்டை முடிந்து புதியது வராத நாட்களில் முதலாளி வேலை செய்ய முடியாது. அந்த இடைவெளியில் கடையை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

பதிவு செய்ய எங்கே போக வேண்டும்? கவுண்டி அலுவலகத்துக்கா?

பெரும்பாலும் இல்லை. எல்எல்சி (பொறுப்பு வரையறுத்த கம்பெனி) பதிவு மாநிலத்தில், ஆன்லைனிலேயே 125 டாலர். பிறகு வருடா வருடம் 75 டாலர் கட்டி ஆண்டறிக்கை. வரி எண்ணை மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் இலவசமாகவே கொடுக்கிறது, அதற்குக் காசு கேட்கிற வெப்சைட்டுகளில் மாட்டிக்கொள்ள வேண்டாம். மாநில வரிக்கும் தனியாகப் பதிய வேண்டும். எல்எல்சி இல்லாமல் தனி ஆளாக ஒரு கடைப் பெயர் வைத்துக்கொள்வதானால் மட்டும் நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள கவுண்டி கிளார்க்கிடம் அந்தப் பெயரைப் பதிய வேண்டும்.

ஆனால் உங்கள் தலையெழுத்தை நிர்ணயிப்பது டவுன்ஷிப். இந்த இடத்தில் இந்தத் தொழில் செய்யலாமா, எத்தனை பார்க்கிங் வேண்டும், போர்டு எவ்வளவு பெரிதாக வைக்கலாம், கடை திறக்கும் சான்றிதழ் எல்லாம் அவர்கள் கையில். கவுண்டியில் 25 ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் தனி விதி. எடிசனில் சரி என்றது எல்லை தாண்டி மெட்டச்சனில் சரியாக இருக்கவேண்டும் என்றில்லை. லீஸுக்கு முன்னாலேயே ஜோனிங் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

பதிந்த சில வாரங்களில் அரசாங்கக் கடிதம் மாதிரியே தபால் வரும்: சான்றிதழுக்கு இத்தனை டாலர், சுவரில் ஒட்டும் போஸ்டருக்கு இத்தனை டாலர் என்று. பெரும்பாலும் அவை தனியார் கம்பெனிகளின் விளம்பரம். அடியில் பொடி எழுத்தில் அவர்களே அப்படிப் போட்டிருப்பார்கள்.

ஓடுகிற கடையை அப்படியே வாங்கலாமா?

ஹோட்டலென்றால் நான் அதைத்தான் சொல்வேன். புகைபோக்கி, தீயணைப்பு அமைப்பு, கிரீஸ் ட்ராப் (கழிவுநீரில் எண்ணெயைப் பிடிக்கும் தொட்டி) எல்லாம் புதிதாகப் போடுவது பெரிய செலவு, இன்ஸ்பெக்‌ஷனுக்கும் மாதக்கணக்காகும். ஏற்கெனவே சமையலறை இருந்த இடத்தில் அது மிச்சம்.

ஆனால் ஒரு படிவம் இருக்கிறது: சி-9600. கடை கைமாறுவதற்குக் குறைந்தது பத்து வேலைநாள் முன்பு வாங்குகிறவர் மாநில வரித்துறைக்கு இதை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் விற்றவர் கட்டாமல் வைத்திருந்த வரி பாக்கி உங்கள் கழுத்துக்கு வரும். "நம்ம ஆளுதான், பேப்பரெல்லாம் எதுக்கு" என்பார் விற்பவர். அப்படிச் சொன்னால் கட்டாயம் அனுப்புங்கள்.

மது உரிமத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் 3,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில்தான் பார் உரிமம் உண்டு. கைமாறும் விலை லட்சக்கணக்கான டாலர் வரை போகும். அதனால்தான் இங்கே பல ஹோட்டல்களில் வாடிக்கையாளரே பாட்டில் கொண்டுவருகிறார்.

ஆள் வைத்தால் என்னென்ன செலவு?

மாநிலக் குறைந்தபட்சக் கூலி 2025-இல் மணிக்கு 15.49, 2026-இல் 15.92 டாலர். ஆறு பேருக்கும் குறைவாக வைத்திருப்பவர்களுக்குச் சற்றுக் குறைவு, அதுவும் 2028-இல் சமமாகிவிடும். 30 மணிநேர வேலைக்கு ஒரு மணிநேரம் என்று வருடத்துக்கு 40 மணிநேரம் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு. பகுதிநேர ஆளுக்கும் உண்டு. ஒரே ஒரு ஆள் என்றாலும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு கட்டாயம். பத்துப் பேர் இருந்தால் வேலை விளம்பரத்தில் சம்பளத்தைப் போட வேண்டும், 2025 ஜூனிலிருந்து. தெரிந்தவர் பையன் என்று கையில் காசு கொடுத்து வேலை வாங்குவது, அவன் கையைச் சுட்டுக்கொள்ளும் நாள் வரைக்கும்தான் மலிவு.

விற்பனை வரி எதற்கு உண்டு, எதற்கு இல்லை?

விகிதம் 6.625 சதவீதம். மளிகைக்கும் துணிக்கும் இல்லை, சமைத்த சாப்பாட்டுக்கு உண்டு. புடவைக்கு இல்லை, அதற்குப் பொருத்தமாக வாங்கும் கவரிங் நகைக்கு உண்டு. இனிப்பு விஷயம் வேடிக்கையானது: மிட்டாய்க்கு வரி உண்டு, ஆனால் மாவு சேர்ந்திருந்தாலோ ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியிருந்தாலோ சட்டப்படி அது மிட்டாய் இல்லை. ஸ்வீட் ஸ்டால் வைக்கிறவர்கள் ஒவ்வொரு ஸ்வீட்டையும் அக்கவுண்டன்டோடு உட்கார்ந்து பிரித்துவிடுங்கள். வாடிக்கையாளரிடம் வசூலித்த வரி உங்கள் பணம் அல்ல, அதைத் தனிக் கணக்கில் வைக்காமல் வாடகைக்கு எடுத்துச் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு.

நியூ பிரன்ஸ்விக், பெர்த் அம்பாய், கார்டரெட் மூன்றிலும் நகரத் தொழில் மண்டலம் இருக்கிறது. அங்கே தகுதிபெற்ற சில்லறைக் கடை பாதி வரி, அதாவது 3.3125 சதவீதம் வாங்கினால் போதும். ஃபர்னிச்சர், எலெக்ட்ரானிக்ஸ் மாதிரி பெரிய பில் வியாபாரத்துக்கு இது நல்ல அனுகூலம். ஹோட்டல் சாப்பாட்டுக்கு இந்தச் சலுகை இல்லை.

ஊரிலிருந்து சரக்கு வரவழைத்து விற்கலாம் என்று பார்க்கிறேன்.

இந்தியச் சரக்குக்குக் கூடுதல் சுங்கவரி 2025 ஏப்ரலில் 10, ஆகஸ்ட் 7-இல் 25, ஆகஸ்ட் 27-இல் 50 சதவீதம் என்று ஐந்து மாதத்துக்குள் ஏறியது. 800 டாலருக்குக் கீழே உள்ள பார்சலுக்குச் சுங்கவரி இல்லை என்ற சலுகையும் அதே ஆகஸ்ட் 29-ஆம் தேதியோடு போய்விட்டது. சென்னையிலிருந்து கூரியரில் சுடிதார் வரவழைத்து வீட்டு ஹாலில் விற்ற தொழிலுக்கு விழுந்த பெரிய அடி அது. ஆர்டர் கொடுக்கும் நாளில் என்ன விகிதம் என்று கஸ்டம்ஸ் புரோக்கரிடம் கேளுங்கள். வரி மாறினால் யார் ஏற்பது என்பதை ஊரில் உள்ள சப்ளையரோடு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். சீசனுக்கு ஒரேயடியாகச் சரக்கை இறக்கிக் குவிப்பது இப்போதைக்கு வேண்டாம்.

கடனோ மானியமோ கிடைக்குமா?

எஸ்பிஏ (மத்திய அரசின் சிறுதொழில் அமைப்பு) உத்தரவாதக் கடன் ஐம்பது லட்சம் டாலர் வரை, மைக்ரோ கடன் 50,000 டாலர் வரை இருக்கிறது. குடியுரிமை நிபந்தனைகள் 2025-இலிருந்து மிகவும் இறுகிவிட்டன. ஹெச்-1பி நண்பரைப் பங்குதாரராகச் சேர்ப்பதற்கு முன் பேங்கில் கேட்டுவிடுங்கள். மாநிலப் பொருளாதார மேம்பாட்டு ஆணையம் கடையைச் சீரமைப்பதற்குச் செலவில் பாதி, அதிகபட்சம் 50,000 டாலர் என்று ஒரு மானியம் நடத்தியிருக்கிறது. லீஸுக்கும் ஒன்று உண்டு. நிதி தீர்ந்தால் மூடுவார்கள், மறுபடி திறப்பார்கள், அதனால் கிடைத்தால் லாபம் என்று வையுங்கள், அதை நம்பிக் கடை போடாதீர்கள்.

இலவசமாக யாராவது யோசனை சொல்வார்களா?

சொல்வார்கள், நம்மவர்கள்தான் போவதில்லை. நியூ ஜெர்சி சிறுதொழில் மேம்பாட்டு மையம் ரட்கர்ஸோடு சேர்ந்து இயங்குகிறது. ஸ்கோர் அமைப்பில் ஓய்வுபெற்ற தொழிலதிபர்கள் உட்கார்ந்து கணக்கைப் பார்த்துத் தருகிறார்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பிரியாணிக் கணக்கு போட்ட அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு போங்கள். லீஸைப் படிக்க மட்டும் காசு கொடுத்து வக்கீல் வையுங்கள், அதுவும் வீட்டு மனை வக்கீல் வேண்டாம், கமர்ஷியல் லீஸ் பார்க்கிறவராக.

சரிப்பட்டு வரவில்லை என்றால்?

கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தால் முடிந்துவிடாது. எல்எல்சியை முறையாகக் கலைத்து, விற்பனை வரிப் பதிவையும் சம்பள வரிப் பதிவையும் மூட வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத கடைக்கும் வரி படிவம் கேட்டு நோட்டீஸ் வந்துகொண்டே இருக்கும். லீஸ் மிச்சமிருந்தால் கட்டடச் சொந்தக்காரரிடம் ஒளியாமல் சீக்கிரமே பேசுங்கள். அடுத்த ஆளை நீங்களே பிடித்துக் கொடுத்தால் பலர் இறங்கி வருவார்கள். ஆறு மாதம் வாடகை பாக்கி வைத்தபின் போனால் வரமாட்டார்கள்.